முன்னறைக் கடலுக்கு வைத்த சீல்

ஒரு வீட்டின் முன்னறையில் கடல் இருக்கிறதா இல்லையா என்பது அந்த வீட்டில் குடியிருப்பவருக்குத் தெரியும் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது தவறு. அதைக் கண்டறிந்து சொல்வதற்கென்றே ஓர் அலுவலகம் இருக்கிறது. அதற்கு ஓர் அதிகாரியும், ஒரு தலைமை எழுத்தரும், ஒரு ஜீப்பும் இருக்கின்றன. ஜீப்புக்கு டயர்கள் மட்டும் இல்லை.

மோட்டார்க்காரருக்கு இது அறுபத்து மூன்றாவது வயதில்தான் தெரியவந்தது. ஊரில் எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்கெல்லாம் செப்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டியே வாழ்நாளைக் கழித்தவர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். ஐந்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. ஆனால் ஞாபகசக்தி பெரிது. எந்த அலுவலகத்தில், எந்த வருடம், எத்தனை மணி நேரம் தன்னை நிற்க வைத்தார்கள் என்று தேதியோடு சொல்லுவார். கேட்பதற்கு ஆள் இல்லாதபோது மீன்களிடம் சொல்லுவார்.

மீன்கள் இரண்டு. பட்டாம்பூச்சி மீன்கள். உள்ளங்கை அகலம், தட்டையான உடம்பு, பளிச்சென்ற மஞ்சள், இடுக்கி மாதிரி கூர்மையான சின்ன வாய். நிஜக் கண்ணின் மேல் ஒரு கறுப்புப் பட்டை ஓடிக் கண்ணையே மறைத்துவிடும். அதற்குப் பதிலாக வாலுக்குப் பக்கத்தில், கண்ணைப் போலவே உருண்டையாக ஒரு பெரிய பொட்டு. கடிக்க வருகிற பெரிய மீன் வாலைத் தலை என்று நினைத்துப் பாயும். இது எதிர்ப்பக்கமாக நழுவிப் போய்விடும். அலுவலகங்களுக்குப் போய்வருகிற மனிதர்களுக்கும் ஆண்டவன் இப்படி ஒரு பொட்டு வைத்திருக்கலாம் என்பது மோட்டார்க்காரரின் நெடுநாளைய குறை.

இந்த மீனை வளர்ப்பது சாமானியக் காரியமில்லை. தொட்டியில் உப்புத் தண்ணீரை நிரப்பி, கல்லைப் போட்டு, மோட்டாரை ஓடவிட்டு, மீனே இல்லாமல் ஆறு வாரம் சும்மா வைத்திருக்க வேண்டும். மோட்டார்க்காரர் வைத்திருந்தார். வெறும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே என்று தெருவே சிரித்தது. மீன் வந்த பிறகு ஒன்பது நாள் அவை எதையும் தின்னவில்லை. பத்தாம் நாள் ஒரு சிப்பியைப் பிளந்து, இரண்டு கல்லுக்கு நடுவே செருகிவைத்தார். கல்லிடுக்கில் எதையாவது கொத்தித் தின்று பழகிய மீனல்லவா, வந்து கொத்தியது. அன்றிலிருந்து ஒரு நாளைக்கு நான்கு வேளை சாப்பாடு. வாரம் ஒரு முறை தொட்டித் தண்ணீரில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துவிட்டு, டிரம்மில் புதிதாகக் கலக்கிய உப்புத் தண்ணீரை விட வேண்டும். பதினோரு வருடம் இப்படியே நடந்தது. இதனால் நாட்டுக்கு எந்தக் கெடுதலும் வந்ததாகத் தகவல் இல்லை.

கெடுதல் மாடி வீட்டு டீச்சருக்குத்தான் வந்தது. ஓய்வு பெற்ற பிறகும் யாரையாவது திருத்திக்கொண்டே இருப்பவர் அவர்.

"என்னங்க மோட்டார்க்காரரே, நீங்க ஊத்தற உப்புத் தண்ணியில என் ரோஜாச் செடி கருகிப் போச்சு. நாலு பேர் குடியிருக்கற இடத்துல ஒரு முறை வேண்டாமா? எங்க ஊத்தணும்னு ஆபீஸ்ல கேட்டுட்டு ஊத்துங்க."

இந்த இடத்தில்தான் மோட்டார்க்காரர் தவறு செய்தார். ஊரில் யாரும் செய்யாத தவறு. அவர் போய்க் கேட்டார்.

நகர அலுவலகத்தின் எழுத்தர் மனுவை இரண்டு முறை படித்தார்.

"கடல் தண்ணியா?"

"உப்புத் தண்ணி சார். நான் கலக்கறது."

"மீன் இருக்கா?"

"ரெண்டு இருக்கு."

"மீன் இருந்தா அது எப்படிங்க வெறும் உப்புத் தண்ணி? கடல் தண்ணி. சாக்கடை வரைக்கும்தான் எங்க பொறுப்பு. கடல் எங்களோடது இல்ல. பின் பக்கம் மாடியில கடற்கரைப் பாதுகாப்பு அலுவலகம் இருக்கு, அங்க போங்க."

கடல் அந்த ஊரிலிருந்து ஒரு நாள் ரயில் பயணம். என்றாலும் கடற்கரைப் பாதுகாப்பு அலுவலகம் அங்கேதான் இருந்தது. முன்பொரு காலத்தில் ஓர் அதிகாரியின் மகளுக்கு இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததால், அலுவலகத்தையும் கூடவே கூட்டிவந்துவிட்டார். அந்த மகளுக்கே இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள். அலுவலகம் மட்டும் திரும்பிப் போகவில்லை. இப்போதைய அதிகாரி வந்து பன்னிரண்டு வருடம், அங்கே ஒரு மனுகூட வந்ததில்லை. தன் எல்லைக்குள் கடற்கரையில் ஓர் ஆக்கிரமிப்பைக்கூட நடக்கவிடாத அலுவலகம் என்று மூன்று முறை கேடயம் வாங்கியிருந்தது.

மோட்டார்க்காரர் உள்ளே நுழைந்ததும் தலைமை எழுத்தர் எழுந்து நின்றார். அதிகாரி தன் கையாலேயே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். ஓர் அலுவலகத்தில் தனக்கு நாற்காலி போடுகிறார்கள் என்றால் எழுந்து ஓடிவிட வேண்டும் என்று அவருக்கு அப்போது தோன்றவில்லை. உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் அதிகாரியும் தலைமை எழுத்தரும் ஆட்டோ பிடித்து ஆய்வுக்கு வந்தார்கள். அளக்கும் டேப், குறிப்பேடு, அரக்கு, சீல் எல்லாம் கையோடு வந்தன.

"தண்ணி ஏறி இறங்குமா?" என்று கேட்டார் அதிகாரி.

"தினம் ரெண்டு விரல் வத்தும் சார். நல்ல தண்ணி விட்டு ஏத்திடுவேன். உப்பு வத்தாது பாருங்க, அதனால நல்ல தண்ணிதான் விடணும்."

"ஏற்ற இறக்கம் உண்டு," என்றார் அதிகாரி. தலைமை எழுத்தர் எழுதிக்கொண்டார். "அலை?"

"அதோ அந்த மோட்டார் தள்ளுது. நானே காயில் கட்டினது."

"அலை உண்டு. பாறை?"

"கல்லு இருக்கு."

"பாறை உண்டு. கடல்வாழ் உயிரினம் இரண்டு." அதிகாரியின் குரல் தழுதழுத்தது. பன்னிரண்டு வருடத்தில் அவர் பார்க்கிற முதல் கடல் அல்லவா? "ஐயா, இது கடல்தான்."

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மோட்டார்க்காரரின் மனைவி, "நல்லா இருக்கு கூத்து. வீட்டுக்குள்ள கடலா?" என்றாள்.

"அதைத்தாம்மா நாங்களும் கேக்கறோம். கடல் முதல்ல வந்துச்சா, வீடு முதல்ல வந்துச்சா?"

"வீடுதான். எங்க மாமனார் கட்டினது."

அதிகாரி பெருமூச்சு விட்டார். "நல்ல வேளை. கடல் இருக்கற இடத்துல வீட்டைக் கட்டியிருந்தா வீட்டை இடிக்கணும். இங்க வீடு இருக்கற இடத்துல கடல் புகுந்திருக்கு. அத்துமீறல் கடலோடது. உங்க மேல எந்தத் தப்பும் இல்ல. நடவடிக்கை கடல் மேலதான்."

நடவடிக்கை அப்போதே எடுக்கப்பட்டது. தொட்டியின் மூடியைச் சுற்றி நாடா கட்டி, அரக்கு உருக்கி, நான்கு மூலையிலும் சீல் வைத்தார்கள். மேலிடத்திலிருந்து முடிவு வரும்வரை மேற்படி கடலை யாரும் தொடக்கூடாது. மோட்டார் ஓடலாம். ஓடலாம் என்ன, ஓடியே ஆக வேண்டும். அலையை நிறுத்துவது இயற்கைக்கு விரோதமான செயல்.

"சார், மீனுக்குச் சாப்பாடு?"

"இரையா?"

"ஆமா சார். நாலு வேளை போடணும்."

அதிகாரி தலைமை எழுத்தரைப் பார்த்தார். தலைமை எழுத்தர் மெதுவாகத் தலையை ஆட்டினார். "இரை போடறதுங்கறது மீன் பிடிக்கறதோட முதல் கட்டம் ஐயா. பாதுகாக்கப்பட்ட கடல்ல மீன் பிடிக்கறது பெரிய குத்தம்."

"நான் பிடிக்கலையே, சாப்பாடுதானே போடறேன்?"

"எல்லாரும் ஆரம்பத்துல அப்படித்தான் சொல்வாங்க," என்றார் தலைமை எழுத்தர் அனுதாபத்துடன். "இன்னொண்ணு. சீல் உடைஞ்சா மீன்களைப் பறிமுதல் பண்ணி அலுவலகப் பாதுகாப்புல வைப்போம்."

அலுவலகப் பாதுகாப்பு என்றால் என்ன என்பதை மோட்டார்க்காரர் முந்தின நாளே பார்த்திருந்தார். மூலையில் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. அதில் தரை துடைக்கும் துணி ஊறிக்கொண்டிருந்தது. அதனால் அவர் சீலைத் தொடவில்லை.

முதல் நாள் மீன்கள் வழக்கமான நேரத்துக்கு வழக்கமான மூலைக்கு வந்து, கண்ணாடியில் வாயை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தன. நான்கு வேளையும் வந்தன. இரண்டாம் நாள் கல்லில் படிந்த பாசியைக் கொத்தின. மூன்றாம் நாள் முதுகு ஒட்ட ஆரம்பித்தது. தட்டையான மீனுக்கு முதுகு ஒட்டினால் மிச்சம் என்ன இருக்கும்? மோட்டார்க்காரர் தானும் சாப்பிடாமல் எழுந்து, இரை போட அனுமதி கேட்டு மனுவோடு அலுவலகத்துக்கு ஓடினார். இந்த முறை நாற்காலி போடவில்லை.

"மனு கூட மீனோட படமும் வேணும். முகம் தெரியறாப்ல," என்றார் தலைமை எழுத்தர்.

மோட்டார்க்காரர் படம் எடுத்துக்கொண்டு வந்தார். தலைமை எழுத்தர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணு இந்தப் பக்கம் இருக்கு. வாய் அந்தப் பக்கம் இருக்கு?"

"அது கண்ணு இல்லைங்க, பொட்டு. நிஜக் கண்ணு பட்டைக்குள்ள இருக்கு."

"நிஜக் கண்ணு தெரியலையே ஐயா. தெரியற கண்ணைத்தான் நாங்க எழுத முடியும்." அவர் எழுதினார்: *மீனுக்கு வாய் பின்புறம் அமைந்துள்ளது. பின்னோக்கி நீந்துகிறது. உடல்நிலை குறித்து ஐயம் எழுகிறது.* "வாய் எந்தப் பக்கம்னு நிபுணர் ஒருத்தர் சான்று தரணும். அது இல்லாம எந்தப் பக்கமா இரை போட அனுமதி தர்றது? நாளைக்கு யாராவது கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

"எத்தனை நாள் ஆகும்?"

"நிபுணர் கடலோர ஊர்ல இருக்காரு. கடிதம் போயிருக்கு."

இதற்கிடையில் தெருவில் இன்னொரு காரியம் நடந்துகொண்டிருந்தது. முன்னறைக் கடலைச் சுற்றி ஐம்பது மீட்டர் தூரம் கடற்கரைப் பகுதி என்று அதிகாரி அறிவித்து, ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் தாள் ஒட்டியிருந்தார். தெரு கொதித்து எழும் என்று மோட்டார்க்காரர் எதிர்பார்த்தார். நாலு பேர் சேர்ந்தால் அதிகாரியைப் பார்த்துக் கத்தலாம், சீல் போய்விடும். வாசலுக்கு வந்து பார்த்தால், ஆட்கள் நாற்காலிகளைத் தெருவில் போட்டு, அவர் வீட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

"சாயங்காலமானா இங்க என்னா காத்து!" என்றார் டீச்சர், பக்கத்திலிருந்தவரிடம்.

வீடு மனை தரகு பார்க்கிற மச்சினன் ஓடிவந்தான். மனைவியின் தம்பி. தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே, "மாமா, கைய குடுங்க. உங்களால தெருவே எங்கேயோ போயிடுச்சு. கடல் பாத்த வீடு வேணும்னு காலையிலேருந்து பதினாறு பேர் கூப்பிட்டுட்டாங்க," என்றான்.

"கடலா? அந்த ரெண்டு ஜீவனும் மூணு நாளா பட்டினி கிடக்குடா."

"மூடி மட்டும் நல்லா தெரியறாப்ல வைங்க மாமா. சீல் இருந்தாதான் ஜனங்க நம்பறாங்க."

இரண்டே நாளில் தெருவில் ஏழு வீடுகளில் தொட்டி வந்திறங்கியது. பக்கத்து வீட்டுக் கடலைப் பார்த்து எத்தனை நாள் காலம் தள்ளுவது? தனக்கென்று ஒன்று வேண்டாமா? காலையில் தண்ணீர் ஊற்றி, மதியம் உப்புப் போட்டு, சாயங்காலம் பட்டாம்பூச்சி மீனை விட்டார்கள். ஆறு வாரம் சும்மா வைக்க வேண்டும் என்று மோட்டார்க்காரர் வாசல் வாசலாகப் போய்ச் சொன்னார். தன்னிடம் மட்டும் கடல் இருக்க வேண்டும் என்று பொறாமைப்படுகிறார் என்று பேசிக்கொண்டார்கள். மூன்றாம் நாள் மீன்கள் மல்லாந்தன. அதனால் யாரும் மனம் தளரவில்லை. கடைக்காரர் புது மீன் கொடுத்தார்.

சீல் வைத்த எட்டாம் நாள் மாலை மோட்டார்க்காரர் வீட்டுக் கதவு தட்டப்பட்டது. அதிகாரி நின்றிருந்தார். கூட யாரும் இல்லை. குறிப்பேடும் இல்லை.

"சும்மா இந்தப் பக்கமா வந்தேன்," என்றார். உட்கார்ந்தார். எழுந்தார். "ஒரு பொதுவான சந்தேகம். பட்டாம்பூச்சி மீன் ஒண்ணு, கல்லுக்குப் பின்னால போய் ஒளிஞ்சுகிட்டு எது போட்டாலும் சாப்பிடலைன்னா, பொதுவா என்ன செய்வாங்க?"

மோட்டார்க்காரர் புரிந்துகொண்டார். "உங்க வீட்டுலயா சார்?"

"மனைவிக்கு ஆசை. எல்லா வீட்டுலயும் இருக்கே. மூணு நாளா ஒரு வாய் தின்னலை. பிள்ளைங்க அழறாங்க."

"அப்ப நீங்க இரை போட்டீங்க?"

"போட்டேன்."

"அது மீன் பிடிக்கறதோட முதல் கட்டமாச்சே?"

அதிகாரி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "நான் போடறது ஆய்வு."

"சாப்பிட வைக்கறதுக்கு ஒரு வழி இருக்கு சார். அது எனக்குத் தெரியும். பதினோரு வருஷம் முன்னாடி ஒன்பது நாள் தூங்காம கண்டுபிடிச்சது. முதல்ல இந்தச் சீலை எடுங்க."

"எடுக்க எனக்கு அதிகாரம் இல்லையே. வைக்கத்தான் அதிகாரம்."

"அப்ப சரி சார். உங்க மீனும் என் மீனும் ஒண்ணா போகட்டும்."

இதைச் சொல்லிவிட்டு மோட்டார்க்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தொட்டிப் பக்கம் பார்க்காமலே நின்றார். அதிகாரி பார்த்தார். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். சீல் வைத்த கடலைப் பொதுமக்கள் திறக்கக்கூடாது. ஆனால் அலுவலர் திறக்கலாம். மோட்டார்க்காரர் பொதுமக்களாக இருப்பதுதான் சிக்கல். அதை மட்டும் மாற்றிவிட்டால் போதும்.

மறுநாள் காலை பத்தரை மணிக்கு, மோட்டார்க்காரர் 'தற்காலிகக் கடல் பராமரிப்பு அலுவலர்' என்று நியமிக்கப்பட்டார். சம்பளம் கிடையாது, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு வில்லை மட்டும் உண்டு. பத்து ஐம்பதுக்கு அவர் தன் வீட்டுக்கு வந்து, நான்கு சீல்களையும் உடைத்து, சிப்பியைப் பிளந்து கல்லிடுக்கில் வைத்தார். பெரிய மீன் வந்தது. சின்னது அதன் பின்னால் வந்தது. முதலில் கொத்தத் தெம்பில்லாமல் வாயை மட்டும் வைத்துக்கொண்டு நின்றன. பிறகு கொத்தின. அவர் கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"சாப்பிடுதா?" என்றாள் மனைவி.

"ம்."

"அப்ப அந்தச் சட்டையைக் கழட்டிப் போட்டுட்டு நீங்களும் சாப்பிட வாங்க."

சட்டையைக் கழற்றலாம் என்றுதான் போனார். வில்லை இருக்கிற சட்டையைக் கழற்றுவது அத்தனை சுலபமில்லை. ஓர் எட்டு அலுவலகத்துக்குப் போய், அதிகாரிக்கு நன்றியும் சிப்பி வைக்கும் வழியும் சொல்லிவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினார். அங்கே அவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். இந்த முறை மேஜையின் அந்தப் பக்கம்.

அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தால் உலகம் வேறு மாதிரி தெரிகிறது. எதிரே வந்து நிற்பவர்களின் இடுப்புதான் கண்ணுக்கு நேரே வருகிறது. முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தலையை நிமிர்த்த வேண்டும். தன்னை ஏன் யாரும் நிமிர்ந்து பார்த்ததில்லை என்பது அவருக்கு இப்போது விளங்கியது. கழுத்து வலி.

அவர் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. தெருவில் மீன்கள் சாகின்றன, அதைத் தடுக்க ஒரு விதி வேண்டும், அவ்வளவுதான். தானே சொல்லித் தலைமை எழுத்தரை எழுத வைத்தார்: *இனி எந்த வீட்டுக் கடலும் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு செய்த நாளிலிருந்து ஆறு வாரம் அதில் மீன் எதுவும் இருத்தல் கூடாது. விதிவிலக்கு இல்லை.*

தலைமை எழுத்தர் பேனாவை நிறுத்தினார். "கீழ ஒரு 'இருப்பினும்' போட்டு வைப்போமா? பின்னால உதவும்."

"என்ன இருப்பினும்?"

"'இருப்பினும், தகுந்த காரணம் இருப்பின்' அப்படின்னு. எந்த விதியிலயும் ஆள் நுழையற அளவுக்கு ஒரு வாசல் விடுவோம். நமக்கே ஒரு நாள் வேண்டியிருக்கும்."

"வேண்டாம். இருப்பினும்தான் இந்த நாட்டையே கெடுத்துச்சு," என்றார் மோட்டார்க்காரர். அது எல்லோருக்கும் பிடித்துப் போய், சுவரில் எழுதி மாட்டினார்கள்.

முதல் மனு டீச்சருடையது. அவர் எதிரே வந்து நின்றபோது மோட்டார்க்காரர் நிமிரவில்லை.

"என் தொட்டியில மீன் விடணும்."

"ஆறு வாரம் கழிச்சு வாங்க."

"என்னங்க, மேல கீழ குடியிருக்கோம், என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"நாலு பேர் இருக்கற இடத்துல ஒரு முறை வேண்டாமா டீச்சர்?"

அன்று அவர் இரண்டு தட்டு சாப்பிட்டார். பதினோரு வருடத்தில் கிடைக்காத ருசி.

டீச்சர் ஆறு வாரம் காத்திருக்கவில்லை. ஆறாவது நாளே இரண்டாவது மனு வந்தது. *மேற்படி அலுவலரின் முன்னறையில் உள்ள கடல் இன்றுவரை பதிவு செய்யப்படவில்லை என்பதைத் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.* மூன்று எழுத்துப் பிழைகளோடு ஒட்டப்பட்டிருந்த அலுவலக விதித் தாளையும், சிவப்பு மையால் திருத்தி, கூடவே இணைத்திருந்தார்.

பதிவு செய்ய வேண்டும். செய்தால் ஆறு வாரம் மீன் இருக்கக்கூடாது. விதிவிலக்கு இல்லை.

மோட்டார்க்காரர் பதிவு செய்தார். ஒரு நேர்மையான அலுவலர் வேறு என்ன செய்ய முடியும்? இரண்டு மீன்களையும் வலையில் அள்ளி, பின்கட்டில் உப்புத் தண்ணீர் கலக்கும் நீல டிரம்மில் விட்டு, காற்றுக் குழாய் ஒன்றை உள்ளே இறக்கினார். டிரம்முக்குள் வெளிச்சம் இல்லை, கல் இல்லை, இடுக்கு இல்லை. இரண்டும் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு அடியில் நின்றன. சிப்பி வைத்தார். மீன்கள் திரும்பியும் பார்க்கவில்லை. மஞ்சள் நிறம் மங்கிக்கொண்டே வந்தது.

மூன்றாம் நாள், தன் மீன்களைத் தன் தொட்டியில் விட அனுமதி கேட்டு, தனக்கே ஒரு மனு எழுதினார். மாலையில் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மனைவி வாங்கிப் பார்த்தாள். ஓரத்தில் அவர் கையெழுத்திலேயே ஒரு வரி இருந்தது: *பரிசீலனையில் உள்ளது. மனுதாரர் பத்து நாள் கழித்து நேரில் வரவும்.*

"என்னங்க இது? எழுதினதும் நீங்க, கையெழுத்து போடறதும் நீங்க. சரின்னு ஒரு வார்த்தை போட்டுத் தொலைச்சா என்ன?"

"எனக்கு நானே போட்டுக்கிட்டா, அப்புறம் அந்த ஆபீஸ்காரங்களுக்கும் எனக்கும் என்னா வித்தியாசம்?"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

மறுநாள் அவர் அலுவலகம் போனதும் அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, டிரம்முக்குள் கையை விட்டு, மீன்களைச் சட்டியில் மொண்டு தொட்டியில் விட்டாள். சிப்பியைப் பிளந்து கல்லிடுக்கில் வைத்தாள். மாலையில் மோட்டார்க்காரர் வந்தபோது முன்னறை மஞ்சளாக இருந்தது. இரண்டும் கல்லைச் சுற்றிச் சுற்றி வந்து கொத்திக்கொண்டிருந்தன.

அவர் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். சற்று நேரம் மனிதனாகவே இருந்தார். பிறகு பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார்.

"இது யார் செஞ்சது?"

"கண்ணு தெரியலையா? நான்தான்."

"தடை இருக்கற கடல்ல மீன் விட்டிருக்கு, இரையும் போட்டிருக்கு. நோட்டீஸ் குடுக்கணும். பேரு சொல்லு."

"பேரா? முப்பத்தாறு வருஷமா குடும்பம் நடத்தறீங்க, என் பேரு தெரியாதா?"

"எனக்குத் தெரியும். குறிப்பேட்டுக்குத் தெரியாது. நீயாத்தான் சொல்லணும்."

மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "எழுதிக்கோங்க," என்றாள். "மாடி வீட்டு டீச்சர்."

மோட்டார்க்காரர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். அவர் நேர்மையான அலுவலர். டீச்சர் அந்த முன்னறைக்குள் காலெடுத்து வைத்ததே இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தகவல் தந்தவர் நேரில் பார்த்த சாட்சி. சாட்சி சொன்னதைத்தான் அலுவலர் எழுத முடியும். அழகான கையெழுத்தில், ஒரு பிழை இல்லாமல் எழுதினார்.

நோட்டீஸ் மறுநாள் காலையில் மாடிக்குப் போனது. டீச்சர் இறங்கி வந்து கத்துவார், என்ன பதில் சொல்லலாம் என்று மோட்டார்க்காரர் யோசித்து வைத்திருந்தார். யாரும் இறங்கி வரவில்லை. மதியம் மாடியிலிருந்து சுவரில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. சாயங்காலம் தெருவே மாடிப்படியில் ஏறி இறங்கியது.

மச்சினன்தான் வந்து சொன்னான். "மாமா, டீச்சர் அந்த நோட்டீஸைக் கண்ணாடி போட்டு மாட்டிட்டாங்க. 'பாதுகாக்கப்பட்ட கடலில் மேற்படியார் இரையிட்டுள்ளார்'னு அரசாங்க சீலோட இருக்கு. அவங்க வீட்டுக்கு இப்ப என்னா மரியாதை தெரியுமா? ஊர்ல எல்லார்கிட்டயும் தொட்டி இருக்கு மாமா. நோட்டீஸ் யார்கிட்ட இருக்கு?"

அடுத்த நாள் காலை மோட்டார்க்காரர் அலுவலகத்துக்குப் போனபோது வரிசை மாடிப்படி இறங்கித் தெருமுனை வரை நின்றது. எல்லோரும் தெருக்காரர்கள்தான். தாங்கள் எந்தெந்த விதியை மீறினோம் என்று ஆளுக்கு ஒரு தாளில் விவரமாக எழுதி, சாட்சிக் கையெழுத்தோடு கொண்டுவந்திருந்தார்கள். வரிசையின் முதல் ஆளாக அதிகாரியின் மனைவி நின்றார்.

"எங்களுக்கும் ஒரு நோட்டீஸ் குடுங்க சார்," என்றார் அவர். "நாங்களும் இரை போட்டிருக்கோம்."

மோட்டார்க்காரர் நாற்காலியில் உட்கார்ந்து வில்லையைச் சரிசெய்துகொண்டார். எதிரே நூறு இடுப்புகள் தெரிந்தன.

"குத்தம் செஞ்சவங்க எல்லாருக்கும் உடனே குடுத்துட முடியுமா?" என்றார். "அதுக்கும் ஒரு முறை இருக்கு. ஆறு வாரம் கழிச்சு வாங்க."